கொலோசஸின் ஜீர்ணோத்தாரணம்

பழைய கணினிகளைத் தேடிப் பிடித்து, துருவைத் துடைத்து, அறுந்த கம்பிகளைப் பற்றவைத்து, அவற்றை மறுபடியும் இயங்கச் செய்வதையே ஒரு விரதம்போல் மேற்கொண்டிருக்கும் அன்பர்களிடையே, பழுதுபார்ப்பவர்களின் கூட்டத்தில் சரித்திரத்துக்கு என்ன வேலை, அதைப் புத்தகம் எழுதுகிறவர்களிடம் விட்டுவிடலாகாதா என்ற விவாதம் அடிக்கடி எழுவதுண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம், இங்கிலாந்தில் ப்ளெட்ச்லி பார்க் என்னும் இடத்தில் கொலோசஸ் என்ற யந்திரம் அழிந்து மீண்ட கதையே என் நினைவுக்கு வருகிறது.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியத் தளபதிகளின் செய்திகளை மறைத்துவைத்த லோரென்ஸ் ரகசியக் குறியை உடைப்பதற்காக, பிரிட்டிஷ் தபால் இலாகாவின் டாலிஸ் ஹில் ஆராய்ச்சிசாலையில் டாமி ஃபிளவர்ஸ் என்னும் பொறியாளர் கொலோசஸை நிர்மாணித்தார். முதல் யந்திரம் 1944 ஜனவரியில் ப்ளெட்ச்லி பார்க்கை அடைந்தது. சுமார் 2,400 வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்) கொண்ட இரண்டாம் வகை அவ்வாண்டு ஜூன் 1-ஆம் தேதி வேலை தொடங்கியது. இத்தனை வால்வுகளை ஒருங்கே வைத்தால் ஏதேனும் ஒன்று ஓயாமல் அவிந்துகொண்டே இருக்குமே என்று விஷயமறிந்தவர்களே அஞ்சினார்கள். ஃபிளவர்ஸ் அஞ்சவில்லை. யுத்தத்துக்கு முன்பே தொலைபேசி நிலையங்களுக்கு வால்வுச் சுற்றுகளை அமைத்துப் பழகிய அவருக்கு, வால்வு பெரும்பாலும் பழுதாவது ஏற்றி அணைக்கும் வேளையில்தான் என்பதும், அணையா விளக்காக எரியவிட்டால் அது நெடுநாள் உழைக்கும் என்பதும் அனுபவத்தில் தெரிந்திருந்தன. அந்த யந்திரத்தை ஏன் அணைக்காமலே வைத்திருந்தார்கள் என்று இன்று ஒருவர் கேட்டால், மின்சுற்று வரைபடத்தை எவ்வளவு உற்றுநோக்கினாலும் விடை கிடைக்காது. தொலைபேசியின் சரித்திரத்தில் கிடைக்கும்.

நாடாவின் சங்கதியும் அப்படித்தான். முந்திய யந்திரமாகிய ஹீத் ராபின்சனில் துளையிட்ட இரண்டு காகித நாடாக்களை இம்மியும் பிசகாமல் சேர்த்து ஓட்டவேண்டியிருந்தது; வேகம் கூடினால் பற்சக்கரங்களில் சிக்கி நாடா நைந்துபோகும், இசைவு கெடும். ஃபிளவர்ஸ் ஒரு நாடாவின் குறிகளை யந்திரத்துக்குள்ளேயே மின்னணுச் சுற்றுகளால் பிறப்பித்து, மற்றொன்றை மட்டும் வழவழப்பான கப்பிகளின்மேல் நொடிக்கு 5,000 எழுத்து வீதம் ஓடவிட்டார். அதன் சிறு துளைகளின் வழியே பாய்ந்த ஒளியே யந்திரம் முழுவதற்கும் தாளம் தட்டியது.

யுத்தம் முடிந்ததும் பெரும்பாலான யந்திரங்களைப் பிரித்துப் போட்டார்கள். மேலிடத்து உத்தரவுப்படி, வரைபடங்களை ஃபிளவர்ஸ் தம் கையாலேயே உலையில் இட்டார். ரகசியம் 1970-களின் நடுப்பகுதிவரை கட்டிக் காக்கப்பட்டதால், 1946-இல் உலகறிய வந்த அமெரிக்க எனியாக்கையே முதல் மின்னணுக் கணினி என்று சரித்திர நூல்கள் நம்பிக்கையோடு எழுதி வந்தன.

டோனி சேல் என்பவர் 1993-இல் கொலோசஸைப் புனர்நிர்மாணம் செய்யத் துணிந்தபோது, கையிலிருந்தவை 1945-இல் எடுத்த எட்டுப் புகைப்படங்களும், விதியை மீறிச் சில பொறியாளர்கள் பத்திரப்படுத்தியிருந்த துண்டு வரைபடங்களுமே. புகைப்படங்களை அளந்து சட்டங்களின் பரிமாணத்தைக் கணக்கிட்டார். நாடாவை ஒளியால் படிக்கும் பகுதியை யுத்தகாலத்தில் வடிவமைத்த ஆர்னால்டு லிஞ்சையே நாடி, அதை மறுபடியும் அமைக்க உதவி பெற்றார். கழித்துப்போட்ட தொலைபேசி நிலையங்களின் பாகங்களைச் சேகரித்தார். இவரைச் சரித்திரக்காரர் என்பதா, பழுதுபார்ப்பவர் என்பதா? கம்பி எங்கே போகிறது என்று தெரியாத ஒவ்வொரு வேளையிலும் அவர் ஏடுகளையும் முதியவர்களின் ஞாபகத்தையும் நாடவேண்டியிருந்தது. ஏடுகள் மௌனமான இடத்தில் யந்திரமே சாட்சி சொல்லவேண்டியிருந்தது.

ஆகவே சரித்திரத்துக்கு இக்கூட்டத்தில் முழு உரிமை உண்டு என்றே நான் கருதுகிறேன். கம்பெனி முதலாளிகளின் செல்வக் கதைகள், யந்திரத்தின் ஓர் ஆணியைக்கூட விளக்காதபோது, வேறு சபைக்குப் போகட்டும். ஆனால் ஒரு கம்பி ஏன் அவ்விடத்தில் இருக்கிறது என்று சொல்லும் எந்தச் செய்தியையும் வாசலில் தடுப்பது தகாது.

1996 ஜூன் 6-ஆம் தேதி, கென்ட் கோமகன் புனர்நிர்மாணமான கொலோசஸை இயக்கிவைத்தார். 90 வயதான ஃபிளவர்ஸ் அங்கே இருந்தார்.