பூசலார் மனக்கோயிலும் உலகப் பொய்ம்மை வாதமும்

சென்னையினின்றும் அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், வேப்பம்பட்டு என்னும் ஊர்க்குக் கிழக்கே அடுத்து விளங்குவது திருநின்றவூர். அறுபத்துமூவருள் ஒருவராகிய பூசலார் நாயனார் மனத்தின்கண்ணே கோயிலெடுத்து இறைவனை எழுந்தருளுவித்த தலம் இதுவேயாம். இருதயாலீசர் என்னும் திருநாமத்தோடு இறைவன் ஈண்டு வீற்றிருக்கின்றான். உலகம் மனத்தின் கற்பனையோ, அன்றி உள்பொருளோ என்னும் நெடுவழக்கினை ஆராய்வார்க்கு இந்நாயனார் வரலாறு பெருந்துணை புரிவது. இவ்வரலாற்றை மாயாவாதியார் தம் கோட்பாட்டிற்குச் சான்றெனக் காட்டுதற்கும், சித்தாந்திகள் அதனை மறுத்தற்கும் இடமுண்டு ஆகலின், அதனை முறைப்பட நோக்குதல் தகும்.

பூசலார் திருநாமத்தைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் வைத்துப் போற்றினார். கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பெருமான் அவ்வரலாற்றை விரித்தருளினார். அவர் கூறுமாறு, நாயனார் முதற்கண் புறத்தே கற்கோயில் எடுக்கவே விரும்பினார்; எங்குந் தேடியும் பொருள் கிடைத்திலது. அதன் பின்னரே மனத்தின்கண் நிதியமும், கருவிகளும், தச்சரும் தேடிக்கொண்டு, ஆகமவிதி வழுவாது அடிநிலை முதலாக விமானம் ஈறாக நெடுநாள் நினைந்து நினைந்து எடுத்தார். மதிலும், கிணறும், திருக்குளமும் அதன்கண் அமைந்தன. அக்காலத்துக் காஞ்சியில் காடவர் மன்னன் பெருங் கற்றளி எடுத்துத் தாபனத்திற்கு நாள் குறித்தனன். அந்நாளுக்கு முன்னிரவில் இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் எடுத்த ஆலயத்துள் நாளை புகுவேமாகலின் நின் செயலைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள்க எனப் பணித்தனன். மன்னன் நின்றவூர் சென்று வினவ, ஆண்டுக் கோயிலொன்றும் இல்லை என்றனர் ஊரார். பின்னர் நாயனார் வாயிலாகவே உண்மையுணர்ந்து, அவரை வணங்கி மீண்டான்.

அம்மன்னன் பெயரைச் சேக்கிழார் கூறிற்றிலர். ஆயினும் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலை எடுத்த இராசசிம்ம பல்லவனே அவன் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அவன் கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தே ஆண்டவன். அக்கோயிலின் விமானத்தைச் சூழக் கிரந்த எழுத்தில் வெட்டப்பெற்ற வடமொழிச் சாசனம் இரண்டு செய்திகளை உணர்த்துகின்றது. முன்னை யுகத்து மன்னர்போலக் கலியுகத்தும் அவன் அசரீரி வாக்குக் கேட்டான் என்பது ஒன்று. சைவசித்தாந்த நெறியின்கண் நின்று மலம் முழுதும் நீங்கினான் என்பது மற்றொன்று. பின்னைய செய்தி சித்தாந்தம் என்னும் பெயர் மெய்கண்டார்க்கு ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே தமிழகத்துக் கல்லில் நின்றமையைக் காட்டுதலின் பெரிதும் போற்றத்தக்கது.

இனி, வழக்கினை நோக்குவாம். கயிற்றில் அரவு தோன்றுமாறுபோலப் பிரமத்தின்கண் உலகு தோன்றுகின்றது. ஞானம் வந்துழி அஃதில்லையாம் என்பது மாயாவாதியார் கொள்கை. மனக்கோயிலைக் கற்கோயிலினும் முற்பட இறைவன் ஏற்றான் ஆகலின் கற்கோயிலும் மனக்கற்பனையே என அவர் கூறுவராயின், அது பொருந்தாது.

என்னை? இறைவன் மன்னனது கோயிலைப் பொய்யென்று விலக்கினானல்லன். நாளை மாத்திரமே மாற்றுவித்தான். இல்பொருளுக்கு நாள் குறிப்பாரும் மாற்றுவாரும் இலர். அன்றியும், கயிற்றரவு விளக்கொளி வந்தவுடன் மறைவது; பூசலார் எடுத்த கோயிலோ மெய்யறிவு வந்தவிடத்து மறைந்திலது, அம்மெய்ப்பொருளே எழுந்தருளும் இடமாயிற்று. ஆகவே கயிற்றரவு அதற்கு உவமையாதல் செல்லாது.

மற்றொன்றுங் காண்க. மனம் என்பது அறிவுப்பொருளன்று. முப்பத்தாறு தத்துவங்களுள் அதுவும் ஒன்று. மாயையின் காரியமாகிய சடம். கல்லும் மாயையின் காரியமே. ஒன்று நுண்மை, மற்றொன்று பருமை என்பதே வேற்றுமை. மனத்துள் எடுத்தமையானே ஒரு கோயில் உயிர்க்கு அணித்தாகி விடாது. அவ்வாறாயின் இறைவன் ஏற்றது யாதனை எனின், இரண்டிற்கும் அப்பாற்பட்ட உயிரின் அன்பினை என்க. அன்பு செய்வானும் அன்பினை ஏற்பானும் இருவராய் இல்வழி, அத்தொண்டிற்கே பொருளின்றாம். சித்தாந்தம் உலகினை அசத்து என்னுமிடத்தும், அச்சொல் இன்மை குறித்ததன்று. ஒரு தன்மைத்தாய் நில்லாது மாறுதலைக் குறித்ததாம். இதுபற்றியே உமாபதி சிவனார் சகம் 1235, அஃதாவது கி.பி. 1313 இல், சங்கற்ப நிராகரணம் அருளியவிடத்து மாயாவாதத்தை முதற்கண் எடுத்து மறுத்தருளினார்.

அற்றேல், நான் யார் என்னும் ஆராய்ச்சி சித்தாந்தத்துக்கு அயலதோ எனின், அன்று. உடலும், பொறியும், மனமும் யானல்லேன் எனக் கழித்து உயிர் உண்மையை நிறுவுவது சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரம். தசகாரியத்துள் தத்துவ ரூபம், தத்துவ தரிசனம், தத்துவ சுத்தி என்பன அக்கழிவினையும், ஆன்ம ரூபம் முதலியன தன்னை அறிதலையும், சிவரூபம் முதலியன தலைவனை அறிந்து அழுந்துதலையும் முறையே உணர்த்துவன. தன்னை அறிதல் வழியின் நடுவே உள்ள நிலை; முடிவன்று.

அண்மைக் காலத்தே இவ்வாராய்ச்சியை உலகறியச் செய்தவர் திருவண்ணாமலை ஸ்ரீ ரமண மகரிஷிகள். அவர் இளமையிற் பெரியபுராணத்தைப் படித்து உள்ளம் உருகியவர். 1896 ஆம் ஆண்டு மதுரையில் மரண அநுபவத்தால் தம்மை உணர்ந்த பின்னும், அங்கயற்கண்ணம்மை கோயிலில் அறுபத்துமூவர் திருவுருவங்களின் முன் நின்று கண்ணீர் பெருக்கியவர். அவ்வாண்டு செப்டம்பர் 1 ஆம் நாள் அண்ணாமலையை அடைந்தார். 1902 அளவில் சிவப்பிரகாசம் பிள்ளை வினவிய வினாக்களுக்கு, மௌனமாயிருந்தமையின் எழுத்தால் அவர் அளித்த விடைகளே, நான் யார் என்னும் சிறுநூலாயின. அதன்கண் கயிற்றரவு உவமை வருவது மெய். ஆயினும் உலகம் தனித்து நோக்குழிப் பொய், ஆன்ம சொரூபமாக நோக்குழி மெய் என்பதே பின்னர் அவர் பலர்க்கும் விளக்கிய கருத்து. சைவாகமப் பகுதியாகிய தேவிகாலோத்தரத்தையும் அவர் தமிழிற் பெயர்த்தனர். தம் அன்னையார் சமாதியின்மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் கற்றளிக்கு 1949 மார்ச்சு 17 ஆம் நாள் நிகழ்ந்த கும்பாபிஷேகத்தில் தாமும் உடனிருந்தனர். 1950 ஏப்பிரல் 14 ஆம் நாள் அவர் உடல் நீங்கிற்று.

முடிந்த நிலையைக் கூறுமிடத்து அவர்க்கும் சித்தாந்திகட்கும் வேறுபாடுண்டு. தன்னையறிந்தவிடத்து எஞ்சுவது ஒரு பொருளே என்பர் அவர். அத்துவிதம் என்பது ஒன்றெனல் அன்று, பிரிப்பின்றி நிற்றலே என்பர் மெய்கண்டார் வழியினர். இவ்வேறுபாட்டை மறைத்தல் நேர்மையன்று. அதுபற்றி இகழ்தலும் சைவர்க்கு அழகன்று. ஆயினும் ஒன்று தெளிவாம். உலகம் பொய் எனச் சொல்லளவில் கொண்டு, திருக்கோயிற்பணியும் அடியார்பணியும் வேண்டாவென விடுவார்க்கு மகரிஷிகளும் சான்றாகார், பூசலாரும் சான்றாகார். பொருள் இன்மையால் மனத்தில் எடுத்தார் நாயனார். பொருள் உடைமையால் கல்லில் எடுத்தான் மன்னன். இன்று நின்றவூரில் கல்லாலாகிய கருவறையுள்ளேயே நாயனார் திருவுருவும் நின்று தொழப்படுகின்றது. அகமும் புறமும் ஒன்றையொன்று அழியாது நிற்கும் அந்நிலையே சித்தாந்தம் கூறும் உண்மை என்க.

திருச்சிற்றம்பலம்.