மையவாடியில் பூத்த மருந்து

விருதுநகரை அடுத்த ஆமத்தூர் போன்ற வறண்ட ஊர்களில், முற்றத்திலும் மையவாடி ஓரத்திலும் நீரூற்றாமலே பூக்கும் நித்தியகல்யாணியை நாம் அறிவோம். ஆடுமாடு வாய்வைக்காத இச்செடியைச் சுடுகாட்டு மல்லி என்றும் அழைப்பர். நம் நாட்டுச் செடியென்றே எண்ணியிருக்கிறோம். மடகாஸ்கர் தீவே இதன் தாயகமாகும்.

இதன் இலைக் கஷாயம் நீரிழிவைத் தணிக்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் மட்டுமன்று, ஜமைக்காவிலும் இருந்தது. 1952-இல் அங்கிருந்து கனடாவுக்கு வந்த இலைகளை ராபர்ட் நோபிள் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். விலங்குகளுக்கு வாய்வழி புகட்டிய சாறு சர்க்கரையைக் குறைக்கவில்லை. ஊசிவழி செலுத்தியபோதோ எலிகள் கிருமித் தொற்றால் மாண்டன. தோற்றதென்று பிறர் கைவிட்டிருப்பர். அவர் காரணம் தேடினார். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன! அப்படியாயின், வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் இரத்தப் புற்றுக்கு இச்சாறு உதவாதோ? இவ்வினாவைத் தொடர்ந்து, வேதியியல் வல்லுநர் சார்லஸ் பீருடன் சேர்ந்து அவர் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே செடியில் லில்லி நிறுவனத்தார் கண்ட வின்கிறிஸ்டின், 1963-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றும் அது கைகொடுக்கிறது.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். அதற்கெனவே நம் தென்மாவட்டப் புன்செய்களில் இச்செடி பயிராகி, இலையும் வேரும் கப்பலேறின.

இதனைக் கேள்வியுற்று, இலையை வீட்டிலேயே காய்ச்சி நோயாளிக்குப் புகட்டுவோர் உளர். அது பேதைமை என்றே சொல்வோம். இச்செடி நஞ்சுடையது, கஷாயத்தில் எப்பொருள் எவ்வளவு இறங்கியது என்பதை எவரும் அளந்தறிய இயலாது. மருத்துவரோ மில்லிகிராம் கணக்கில் அளந்து இரத்த நாளத்தில் மட்டுமே செலுத்துகிறார். நாளத்தை விட்டுக் கசிந்தால் அவ்விடத்துச் சதையே புண்ணாகிவிடும்.