காளத்தியில் ஒரு முடிசூட்டு: செல்லப்பரின் தொடக்க கால அரசியல்

விஜயநகர அரசர் அச்சுததேவராயர் 1529இல் காளத்தியில் முடிசூடினார் என்கிறது அவ்வூர்க் கல்வெட்டு. ராஜநாத திண்டிமரின் ‘அச்சுதராயாப்யுதயம்’ காவியம் அதே விழாவைத் திருப்பதியில் நடத்திக் காட்டுகிறது. எது முன், எது பின் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதைவிட முக்கியமானது, அதிகம் கேட்கப்படாத வேறொரு கேள்வி: அந்த நாட்களில் செல்லப்பர் எங்கே இருந்தார்?

சாளுவ வீரநரசிம்ம நாயக்கர் என்பது அவருடைய பட்டப்பெயர். ‘சாளுவ’ என்றதும் சாளுவ அரச மரபு நினைவுக்கு வரும். ஆனால் கல்வெட்டுகள் அவரைத் தழுவக்குழைந்தான் பட்டரின் மகன் என்கின்றன. தழுவக் குழைந்தவர் காஞ்சி ஏகாம்பரநாதர். ஆகவே கோயில் சார்ந்த ஒரு பிராமணக் குடும்பத்துப் பிள்ளை கிருஷ்ணதேவராயர் காலத்தில் (1509–1529) நாயக்கராகி, சோழமண்டலத்தையே கையில் வைத்திருந்தார். ‘சாளுவ’ அவர் பிறப்பால் பெற்றதல்ல, பதவியால் பெற்றது.

விஜயநகர மூன்றாம் மரபு பற்றிய 1935ஆம் ஆண்டு நூலில் நே. வேங்கடரமணய்யா இவரை அரியணையின் காவலராக நிறுத்துகிறார். கிருஷ்ணதேவராயர் இறந்ததும் அவருடைய மருமகன் ராமராயரின் தரப்பு குழந்தை இளவரசனை முன்னிறுத்த, சந்திரகிரிக் கோட்டைச் சிறையிலிருந்து அச்சுதர் வரும்வரை தலைநகரைச் செல்லப்பர் காத்தார் என்பது அவர் வரையும் சித்திரம். பின்வந்த வரலாற்று நூல்கள் பலவும் இதையே வழிமொழிந்தன. இதற்கான முதன்மைச் சான்று போர்ச்சுகீசியக் குதிரை வணிகர் பெர்னாவ் நூனிஸின் குறிப்பு. அச்சுதர் வந்து சேரும்வரை ‘சால்வனாய்’ (சாளுவ நாயக்கர், அதாவது செல்லப்பர்) அமைச்சராக இருந்து ஆட்சி செய்தார் என்று அவர் எழுதுகிறார்.

நூனிஸை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவர் எழுதியது 1535–37 அளவில். அவருடைய நாயக்கர் பட்டியலிலும் முதலில் நிற்பவர் இதே சால்வனாய்தான், அதுவும் நடப்பு அமைச்சர் என்ற அடைமொழியோடு. வருமானம் 11 லட்சம் பர்தாவ் பொற்காசுகள். நாகப்பட்டினமும் தஞ்சாவூரும் அவர் கையில். அரசருக்காக 30,000 காலாட்கள், 3,000 குதிரைகள், 30 யானைகள் வைத்திருக்க வேண்டும். அந்தப் படையை அவர் ஒருபோதும் முழுதாக வைத்திருப்பதில்லை, மிச்சம் அவருக்கே லாபம் என்று ஒரு குத்தலும் உண்டு. (குதிரை விற்க வந்தவரின் ஆதங்கம் இது!) சிக்கல் என்னவென்றால், 1532க்குள் இந்த ‘நடப்பு அமைச்சர்’ கலகம் செய்து தோற்றுவிட்டார். நூனிஸின் கையிலிருந்தது பழைய பட்டியல். சில ஆண்டுகள் பழைய பட்டியலைத் தந்தவர், அரியணைப் போட்டியில் யார் எந்த ஊரில் நின்றார் என்பதை மட்டும் துல்லியமாகச் சொல்லியிருப்பார் என்று வேங்கடரமணய்யா ஏன் நம்பினார்?

நிலவியலைப் பார்க்கலாம். சந்திரகிரியிலிருந்து விஜயநகரம் வடமேற்கே இருக்கிறது. காளத்தி வடகிழக்கே, திருப்பதியையும் தாண்டி. தலைநகரில் அரியணை பத்திரமாகக் காத்திருந்தால், சிறை மீண்ட ஒருவர் எதிர்த்திசையில் போய் முடிசூட வேண்டிய அவசரம் என்ன? சிவன் கோயிலின் புனிதம் ஒரு காரணம்தான். 1516இல் அண்ணன் கிருஷ்ணதேவராயர் நூற்றுக்கால் மண்டபமும் ராஜகோபுரமும் எழுப்பிய தலம் அது. ஆனால் விழாவுக்குப் படைக்காவலும் பணமும் வேண்டும். தெற்கில் அவற்றை உடனே திரட்டக்கூடியவர்களில் முதன்மையானவர் செல்லப்பர். அவர் விஜயநகரத்தில் அரண்மனை வாயிலைக் காத்ததைவிட, தெற்கே தன் செல்வாக்கை அச்சுதர் பக்கம் சாய்த்திருப்பதே பொருந்துகிறது. இதற்கு நேரடிச் சான்று இல்லை; திசையும் வாய்ப்பும் தரும் ஊகம்தான் இது. ஆனால் நூனிஸின் ஒற்றை வாக்கியத்தைவிட இது பலவீனமானதல்ல.

இப்படி வாசித்தால் பின்னால் வந்த பிளவும் புரிகிறது. அச்சுதர் ராமராயரோடு சமரசம் செய்துகொண்டதில் அதிகம் இழந்தவர், மண்டலத்தைப் பணயம் வைத்து அரசரை ஆதரித்த செல்லப்பர். அவர் தென்னாட்டுத் தலைவர் தும்பிச்சி நாயக்கரோடு சேர்ந்தார். திருவிதாங்கூரின் திருவடி அரசரிடம் புகலிடம் தேடினார். அச்சுதர் ஸ்ரீரங்கத்தில் தங்க, மைத்துனர் சலகராஜு திருமலர் படை நடத்தினார். தாமிரபரணியில் வெற்றித்தூண் நட்டதையும் சாளுவ நாயக்கரை அடக்கியதையும் சக 1454ஆம் (1532) ஆண்டுக் காஞ்சிக் கல்வெட்டு பதிவு செய்கிறது.

செல்லப்பர் அரசரை விட்டு விலகியது 1530இலா 1531இலா என்பது தெளிவாகவில்லை. தஞ்சையில் செவ்வப்ப நாயக்கர் ஆட்சி தொடங்கிய ஆண்டும் அவ்வாறே. பலர் 1532 என்கிறார்கள். அந்த ஆண்டு உறுதியானால்தான் சோழமண்டலம் செல்லப்பர் கையிலிருந்து நேராகத் தஞ்சை நாயக்கருக்குப் போனதா, இடையில் வேறொருவர் இருந்தாரா என்று சொல்ல முடியும்.