உப்புத் தண்ணீர் ஊரில் வீட்டுத் தோட்டம்

கடலோர ஊர்களில் ஆசையாக மாடித்தோட்டம் போடுபவர்களில் பலர் முதல் கோடையோடு பைகளை மடித்து வைத்துவிடுகிறார்கள். மார்கழியிலும் தையிலும் கத்தரியும் தக்காளியும் காய்த்துக் குலுங்கும். பங்குனி பிறந்ததும் இலை ஓரம் கருகும், பூ உதிரும், சித்திரையில் செடி நின்றபடியே காய்ந்துவிடும். விதை சரியில்லை, உரம் போதவில்லை, நமக்குக் கைராசி இல்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்ணீரை.

ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு இருந்தால், செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடுகிறது. தோட்டத்து மண் என்றால் அது கீழே இறங்கிப் போக இடமுண்டு. பைக்குள் போக வழியில்லை. நாள் ஆக ஆக மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு படியும். அந்த நிலையில் மண் ஈரமாக இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. செடி வாடுகிறதே என்று தினமும் ஒரு குவளை ஊற்றுவோம். அதுவே உப்பை இன்னும் சேர்க்கும். ஊற்றினால் பையின் அடித்துளை வழியாகத் தண்ணீர் வெளியே ஓடும் வரை ஊற்ற வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு மடங்கு ஊற்றி மண்ணைக் கழுவிவிடுவது நல்லது. சத்தும் சேர்ந்து கழுவிப் போகும் என்பதால், மறுநாள் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டுவிடுங்கள்.

குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு விடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் சரிதான். ஆனால், வடிகட்டிய உப்பெல்லாம் அந்த நீரில்தான் இருக்கிறது. அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, அதை வாளியில் பிடித்து வையுங்கள். உளூச் செய்த தண்ணீரில் சோப்பு இல்லாததால் தாராளமாக விடலாம். ஆனால் குழாயில் வருவது உப்புத் தண்ணீர் என்றால் அதுவும் உப்புத்தான். மழைநீரை டிரம்மில் பிடிப்பவர்கள் வாயைத் துணியால் இறுகக் கட்டிவிட வேண்டும். டெங்குக் கொசு தேடுவதே அந்த நல்ல தண்ணீரைத்தான்.

மீன் கழுவிய தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றுவது நம் வீடுகளில் பழகிப்போனது. ஊற்றலாம், பூனை வந்து கிளறாமல் பார்த்துக்கொண்டால் போதும். கருவாடு கழுவியதை மட்டும் ஊற்றாதீர்கள்.

செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய எரு மூன்றையும் சம பங்காகக் கலந்தால் பை கனக்காது. நார்க்கழிவிலும் உப்பு இருக்கும், ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிய பிறகே கலக்க வேண்டும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவர் ஓரமாக, செங்கல் மேல் வையுங்கள். அடியில் காற்றோடினால் தளத்தில் ஈரம் தங்காது.

தண்ணீருக்கு ஏற்றபடி செடியைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேதனை குறையும். பீட்ரூட்டும் பாலக்கீரையும் உப்பை நன்றாகத் தாங்கும். பீன்ஸ், கேரட், வெங்காயம் தாங்காது. பழங்களில் சப்போட்டா தாங்கும், எலுமிச்சையும் மாவும் திணறும். பூக்களில் அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி ஆகியவற்றைப் பற்றிக் கவலையே இல்லை. ரோஜாவுக்கு ஏசித் தண்ணீரையோ மழைநீரையோ ஒதுக்குங்கள். இட்லிப்பூவின் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், தண்ணீரின் காரத்தன்மையால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று பொருள். மல்லிகை வேண்டுவோருக்கு ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடம் நாற்று பெயர் பெற்றது. கார்த்திகை வாக்கில் கவாத்து செய்தால் கோடை நெருங்கும்போது மொட்டு வைக்கும்.

நோன்புக் கஞ்சிக்கு வேண்டிய புதினாவுக்குக் காசு கொடுத்து நாற்று வாங்க வேண்டியதில்லை. கடையில் வாங்கிய கட்டில் முற்றிய தண்டுகளை எடுத்து, இலைகளைக் கிள்ளிவிட்டு, பாதி நிழலில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். மல்லிவிதையை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். அது வெயில் மாதங்களில் சரியாக வராது.

கொடிகளில் பூ நிறைய வந்தும் காய் பிடிக்கவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். மாடிக்குத் தேனீ வராததே பெரும்பாலும் காரணம். பிஞ்சு போன்ற அடிப்பாகம் உள்ளது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிட்டால் போதும். நேரம்தான் முக்கியம். பாகலும் பூசணியும் காலையில் மலரும். பீர்க்கையும் சுரையும் மாலையில்தான் விரியும், மஃரிபை ஒட்டி மாடிக்குப் போனால் சரியாக இருக்கும். நம் கையால் தடவிவிட்ட பிஞ்சு நாளுக்கு நாள் நீளுவதைப் பார்ப்பதற்கு ஈடான மகிழ்ச்சி தோட்டத்தில் வேறில்லை என்போம்.

செம்பருத்தியில் வெள்ளையாக அப்பும் மாவுப்பூச்சிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் அடிக்கலாம். அணிலுக்கு மருந்தில்லை. நட்ட மரத்திலிருந்து பறவை உண்பதும் தர்மம் என்ற நபிமொழியை நாம் அறிவோம். இருந்தாலும் நாலு கொய்யாவாவது வீட்டுக்கு வேண்டும் என்பவர்கள் காய் சிறிதாக இருக்கும்போதே துணிப்பை கட்டிவிடலாம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். நம் கரைக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று, அது வருவதோ ஐப்பசியில். அந்த மழை பையில் சேர்ந்த உப்பையும் கழுவிவிடும். ஆகவே புரட்டாசிக் கடைசியில் மூடிய இடத்தில் நாற்று விட்டு, 25 முதல் 30 நாள் வளர்த்து, அடைமழை ஓய்ந்ததும் பைக்கு மாற்றுங்கள். பங்குனிக்குள் காய் பறித்து முடித்துவிடலாம். அதன் பிறகு பசுமை வலைக்குக் கீழே கீரையும் புதினாவும் மட்டும் இருக்கட்டும், மற்ற பைகளைக் காயப்போட்டு அடுத்த ஐப்பசி வரை ஓய்வு கொடுங்கள்.