கேட்டவுடன் விடுத்த கைப்படி
1847 ஆகஸ்டுத் திங்கள் நிகழ்ச்சி ஒன்றன் ஆய்வு

ஆசிரியனுக்கும் பதிப்பாளனுக்கும் இடைநின்று நூலை விலைபேசும் இலக்கிய முகவர் தொழில் ஆங்கில நாட்டில் வேரூன்றியது, 1875-ஐ ஒட்டி ஏ. பி. வாட் என்பார் இலண்டனில் அதனை மேற்கொண்ட பின்னரேயாம். அதற்கு முன்னர், வந்து குவியும் கைப்படிகளுள் தக்கனவற்றைத் தேர்ந்து பரிந்துரைக்கும் பணியைப் பதிப்பகத்து வாசகரே ஆற்றிவந்தனர். அத்தகைய வாசகர் ஒருவர் வேறு நூல் உண்டோ என வினவ, மூன்று வாரத்துள் ஆசிரியர் அதனை அனுப்பினார். அந்நூலே சார்லட் பிரான்டியின் 'ஜேன் அயர்'. நாட்களை மட்டும் எண்ணுவார்க்கு, கேட்டபின் விரைந்து எழுதிய நூலென்றே இது தோன்றக்கூடும். அத்தோற்றம் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

யார்க்சயர்ப் பகுதியில் ஹாவர்த் என்னும் சிற்றூரில் வாழ்ந்த சார்லட், கர்ரர் பெல் என்னும் புனைபெயரில் 'பேராசிரியர்' என்ற கதையைப் பதிப்பகம் பதிப்பகமாக அனுப்பிவந்தார். ஒருவர் திருப்பியனுப்பிய கட்டினை, அவர் பெயரை அடித்துவிட்டு, அதே உறையின்மேல் அடுத்தவர் பெயரெழுதி விடுத்தார் என்பர். புறக்கணிப்பின் வரலாற்றைத் தன் மேலேயே தாங்கிச் சென்ற அவ்வுறையைக் கண்டும் வெறுப்புறாத பதிப்பாளர் இருந்தனர் என்பது வியப்பே. 1847 சூலை 15-இல் அக்கட்டு சிமித் எல்டர் நிறுவனத்துக்குச் சென்றது. இந்தியாவிற் பணிபுரிந்த ஆங்கில அலுவலர்க்குப் பொருள்கள் வாங்கி அனுப்பும் முகவாண்மையும் நடத்திய நிறுவனம் அது. விடை வாராமையால், ஆகஸ்டு 2-ஆம் நாள் முகவரியெழுதிய உறையையும் உடன்வைத்து நினைவூட்டினார் சார்லட்.

விடை வந்தது, நூல் ஏற்கப்படவில்லை. ஆயினும் வாசகர் டபிள்யூ. எஸ். வில்லியம்சு அதன் குணங்குற்றங்களை நடுநிலையோடு எடுத்துரைத்து, மூன்று தொகுதி அளவினதாகிய நூலொன்று வருமாயின் கருத்துடன் நோக்கப்படும் என்று எழுதியிருந்தார். மூன்று தொகுதி என்றது வெறும் சொல்லன்று. அக்காலத்துப் புதினங்கள் முப்பத்தொன்றரைச் சில்லிங்கு விலையில் மூன்று தொகுதிகளாக வெளிவந்து, பெரும்பாலும் வாடகை நூலகங்களுக்கே விற்றன. அவ்வளவிற்குட்படாத தனிக்கதை வணிகத்துக்கு ஆகாதெனப் பட்டது. ஆகஸ்டு 7-ஆம் நாளே சார்லட் மறுமொழி விடுத்தார். மூன்று தொகுதியில் இரண்டாம் கதையொன்று நிறைவை நெருங்கியுள்ளது என்றும், ஏறத்தாழ ஒரு திங்களில் முடியும் என்றும் தெரிவித்தார். முடிந்துவிட்டது எனப் பொய்யுரைத்து அரைகுறையாக அனுப்பவுமில்லை. முடிந்தபின் எழுதலாம் என வாளாவிருக்கவுமில்லை. அவர்தம் செய்கையுள் யாம் பெரிதும் மதிப்பது இந்நேர்மையையே.

இனி, கைப்படி கூறும் சான்றினைக் காண்போம். பிரித்தானிய நூலகத்தில் மூன்று தொகுதியாக உள்ள 'ஜேன் அயர்' செவ்வைப்படி 1847 மார்ச்சு 16 என்னும் நாளோடு தொடங்கி, ஆகஸ்டு 19 என்னும் நாளோடு முடிகின்றது. எனவே, வில்லியம்சின் மடல் வரும்போது படியெடுக்கும் பணி நான்கு திங்களுக்கு மேல் நடந்துவிட்டது. கதையின் தோற்றமோ இன்னும் முந்தியது. 1846 ஆகஸ்டு 25-இல் மான்செசுடரில் தந்தைக்குக் கண்புரை அறுவை நிகழ்ந்தது. 'பேராசிரியர்' திரும்பிவந்ததும் அதே நாளில் என்று அவர் வரலாறெழுதிய காசுகெல் அம்மையார் குறிப்பர். இருட்டறையில் கிடந்த தந்தைக்குத் துணையிருந்த அவ்வாரங்களிலேதான் 'ஜேன் அயர்' தொடங்கப்பெற்றது. ஆகவே, வினவிய மடல் நூலைத் தோற்றுவிக்கவில்லை. ஒரு திங்கள் ஆகுமென்ற எஞ்சிய வேலையைப் பன்னிரு நாளிற் சுருக்கியது. அவ்வளவே அதன் பங்கு எனக் கொள்ளுதல் தகும்.

ஆகஸ்டு 24-இல் கட்டு இருப்புப்பாதை வழியே சென்றது. சிறிய நிலையத்தில் முன்கட்டணம் வாங்கவில்லை. ஆதலின், சேர்ந்தவிடத்துக் கொண்ட கூலியைத் தெரிவித்தால் அஞ்சல்தலைகளாக அனுப்புவதாகச் சார்லட் எழுதினார். பல பவுன் மதிப்புள்ள நூலை அனுப்புங்கால் சில பென்சுக்குக் கவலையுற்ற அம்மடல் ஏழைப் பாதிரியார் இல்லத்து நிலையை நன்கு காட்டும். வில்லியம்சு படித்து வியந்து முதல்வர் ஜார்ஜ் சிமித்திடம் அளித்தார். இருபத்துமூன்றே அகவையினரான சிமித், ஞாயிற்றுக்கிழமை காலையுணவுக்குப்பின் எடுத்த கைப்படியை, நண்பரோடு குதிரையேறிச் செல்வதாயிருந்ததையும் கைவிட்டு, உறங்குமுன் முடித்தார். உரிமைக்கு 100 பவுன் பேசப்பட்டது. அக்டோபரில் நூல் வெளிவந்தது. அச்சுப்படிகளைத் தோழி எல்லன் நசியின் இல்லத்திலிருந்தே சார்லட் திருத்தினார். எதிரில் அமர்ந்திருந்த தோழியிடமும் அதுபற்றி வாய்திறக்கவில்லை.

விரைவு ஒருபாற் கோடினால் பயனில்லை என்பதற்குத் தங்கையர் எமிலி, ஆன் ஆகியோர் நூல்கள் சான்று. 'வதரிங் ஹைட்ஸ்', 'ஆக்னஸ் கிரே' என்னும் அவ்விரண்டையும் பதிப்பாளர் டி. சி. நியூபி 'ஜேன் அயர்' இலண்டனை அடையுமுன்னரே ஏற்றிருந்தார். ஆசிரியர் தரப்பினின்று 50 பவுன் பெறவும் உடன்பட்டிருந்தார். ஆயினும் தமக்கையின் நூல் புகழ்பெற்ற பின்னர், டிசம்பரில்தான் அவை வெளிவந்தன.

வில்லியம்சின் மடலுக்குக் காரணமாயிருந்த 'பேராசிரியர்' சார்லட் வாழ்நாளில் அச்சேறவில்லை. அவர் 1855-இல் மறைந்தார். அதே சிமித் எல்டர் நிறுவனம் 1857-இல் அதனை வெளியிட்டது.