ஸுஜூதும் இரவல் பெயரும்

2012 ஓகஸ்ட் 4ஆந் திகதி லண்டனில் இரவு. வெள்ளவத்தையில் எமக்கோ நள்ளிரவு கடந்து இரண்டு மணி. நோன்பு காலமாதலால் ஸஹர் வரை விழித்திருப்பது வழமைதான். 10,000 மீற்றரை 27 நிமிடம் 30.42 செக்கனில் ஓடி முடித்த மோ பாரா, ஒலிம்பிக் அரங்கின் தடத்திலேயே ஸுஜூதில் விழுந்தார். எங்கள் வீட்டில் "அல்லாஹு அக்பர்" என்ற சத்தம் எழுந்தது. எழுபது வயதைத் தாண்டிய வாப்பா மட்டும் அசையவில்லை.

"எங்கட லாபிர் பம்பாயில உலக சம்பியனாகி வந்தத எத்தின பேருக்குத் தெரியும் மகன்?" என்றார்.

1973இல் உலக அமெச்சூர் பில்லியட் பட்டத்தை வென்ற எம்.ஜே.எம். லாபிரைத்தான் சொன்னார். உலக சம்பியன் பட்டம் வென்ற முதல் இலங்கையர் அவர். இன்று எமது பிள்ளைகளுக்கு பாராவின் முகம் தெரியும், லாபிரின் பெயர்கூடத் தெரியாது. பில்லியட் மேசையைச் சுற்றி எண்பதாயிரம் பேர் கூடுவதில்லை என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணமென்று நான் நம்பவில்லை.

பாரா 2016இல் ரியோவில் அதே ஓட்டத்தில் தடுக்கி விழுந்து, எழும்பி ஓடி மீண்டும் தங்கம் வென்றார். 5,000 மீற்றரையும் சேர்த்து நான்கு ஒலிம்பிக் தங்கங்கள். 2017இல் 'சேர்' பட்டம். குடியேறிகளை விரும்பாத பத்திரிகைகளும் அவரைத் "எங்கள் மோ" என்றன.

2022 ஜூலையில் பிபிசி ஆவணப்படமொன்றில் அவர் உண்மையைச் சொன்னார். அவரது இயற்பெயர் ஹுஸைன் அப்தி காஹின். சோமாலிலாந்தில் பிறந்து, நான்கு வயதில் தந்தையை யுத்தத்தில் இழந்தவர். ஒன்பது வயதளவில், முஹம்மத் பாரா என்ற வேறொரு பிள்ளையின் பெயரில் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஒரு வீட்டில் வேலைக்காரப் பிள்ளையாக வைக்கப்பட்டார். அவரை அங்கிருந்து மீட்க வழிசெய்தவர் பாடசாலையின் உடற்பயிற்சி ஆசிரியர்.

அவர்மீது நடவடிக்கை எடுக்கப்போவதில்லை என்று உள்துறை அமைச்சு உடனே அறிவித்தது. நல்லது. பதக்கமில்லாத ஹுஸைன்களுக்கும் அதே வேகத்தில் அதே பதில் கிடைக்குமா? 2019க்குப் பிறகு இந்நாட்டில் தன் பெயரைச் சொல்லத் தயங்கி நின்ற ஒருவனாகவே இதைக் கேட்கிறேன்.

கொடுப்பினை வெற்றிக்கு மட்டுமென்றும் சொல்லிவிட முடியாது. 1964இல் டோக்கியோவில் இதே 10,000 மீற்றரில் எமது ரணதுங்க கருணானந்த, மற்றவர்களெல்லாம் முடித்த பின்னரும் தனியே சுற்றிச் சுற்றி ஓடிக் கடைசியாக வந்தார். முதலில் சிரித்தவர்கள் பிறகு எழுந்து கைதட்டினார்கள். ஜப்பானியர் அவரைப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் சேர்த்தார்கள். இங்கே அவரும் ஏறக்குறைய லாபிரைப் போலத்தான்.

அந்த ஆவணப்படத்தை நான் தனியே பார்த்தேன். அதில் பாரா, தான் பெயரைச் சுமந்து வந்த அந்த உண்மையான முஹம்மத் பாராவுடன் காணொளி அழைப்பில் பேசுகிறார்.