கம்பி அறுந்தா காருக்குள்ள பனிக்காலம்

காரில் ஏ.சி. வந்த புதுசுல, கெட்டுப்போவதற்கு அதில் வெப்பநிலை சென்சாரே கிடையாது. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940 மாடல் கார்களில் ஏ.சி. வைத்து விற்றது. குளிர் தாங்கலைன்னா? வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, கம்ப்ரசர் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். உள்ளே உட்கார்ந்திருந்தவரின் தோல்தான் சென்சார்.

தோல் பார்த்த வேலையை 1964-இல் காடிலாக்கின் ‘கம்ஃபர்ட் கன்ட்ரோல்’ எடுத்துக்கொண்டது. டயலை ஒருமுறை வைத்தால் போதும், ஹீட்டரா ஏ.சி.யா என்று வண்டியே முடிவு செய்யும். அதற்கு மூன்று தெர்மிஸ்டர்கள்: கேபினில் ஒன்று, காற்றுக் குழாயில் ஒன்று, வெளியே ஒன்று.

தெர்மிஸ்டரின் கதை இன்னும் பழசு. உலோகம் சூடானால் மின்தடை கூடும். வெள்ளி சல்ஃபைடில் அது குறைவதை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே எழுதி வைத்தார். இன்று பரவலாகக் கிடைக்கும் ஒரு வகை, 25 டிகிரி செல்சியஸில் 10,000 ஓம் காட்டும். 0 டிகிரியில் ஏறத்தாழ 32,000. 50 டிகிரியில் 3,600 சொச்சம்.

வம்பே இந்தத் தலைகீழ்க் குணத்தில்தான். கம்பி அறுந்தால் மின்தடை எல்லையில்லாமல் ஏறும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அது கடும் பனியாகத் தெரியும். விளைவு, வேகாத வெயிலில் ஹீட்டர் ஓடும்! ஷார்ட் ஆனால் நேர்மாறு, நடுங்க வைக்கும். காடிலாக்கில் மூன்றும் ஒரே தொடரில் இருந்ததால் பெட்டிக்குக் கூட்டுத்தொகை மட்டுமே தெரியும். எது பொய் சொல்லுதுன்னு மெக்கானிக்தான் ஒவ்வொன்றாகக் கழற்றி அளக்கணும். பாதிப் பேர் அதற்குள் கேஸ், கம்ப்ரசர் என்று செலவு இழுத்துவிடுவார்கள். இன்றும்தான்.

கணினி வந்தபின் ஒரு நல்லது நடந்தது. 1996 முதல் அமெரிக்கக் கார்களில் கட்டாயமான ஓபிடி-2 முறையில், வெளிக்காற்றின் வெப்பநிலை ஒரே ஒரு பைட்டில் வருகிறது. வரும் எண்ணில் 40-ஐக் கழிக்கணும். எண் 0 என்றால் மைனஸ் 40. ஸ்கேனரில் அதைப் பார்த்தால் குளிரைத் தேடாதீங்க, அறுந்த கம்பியைத் தேடுங்க. சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, வண்டிப் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் இணையுங்கள். அளவு மைனஸ் 40-லிருந்து உச்சிக்குத் தாவினால் ஒயரிங் சரி, போனது சென்சார்.

முழுசாகச் செத்த சென்சார் இப்படி மாட்டிக்கொள்ளும். அரைகுறையாகப் பொய் சொல்வதுதான் கஷ்டம், அதற்குப் பெரும்பாலும் பிழைக் குறியீடே வராது. கேபின் சென்சார் டேஷ்போர்டில் ஒரு சின்ன ஜல்லடைக்குப் பின்னால் இருக்கும். குட்டி விசிறியோ குழாயோ அதன்மேல் காற்றை இழுக்கும். பஞ்சும் தூசியும் அடைத்தால் கேபின் காற்றை விட்டுவிட்டு டேஷ்போர்டின் சூட்டைச் சொல்லும். கழற்றி ஓம் பார்த்தால் பழுதே இருக்காது!

இதற்கு எனக்குப் பிடித்த சோதனை செலவில்லாதது. ராத்திரி முழுக்க நிழலில் நின்ற வண்டியில், விடியற்காலை, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரைப் பாருங்கள். கேபின், குழாய், வெளிக்காற்று எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக இருக்கணும். தனித்து நிற்பதை ஒரு சாதாரண வெப்பமானியோடு ஒப்பிட்டுவிட்டு, அப்புறம் மல்டிமீட்டரை எடுங்க.